சண்டித்தனமா, வலியா? சவாரிக் குதிரை முரண்டு பிடிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் நவீன பென்டத்லான் போட்டியில், அதாவது குதிரைச் சவாரியும் அடங்கிய ஐந்து விளையாட்டுப் போட்டியில், ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அந்தப் போட்டியில் வீரர்கள் தங்கள் சொந்தக் குதிரையில் ஏறுவதில்லை. குலுக்கலில் எது வருகிறதோ அதில்தான் ஏற வேண்டும். அவருக்கு வந்தது செயின்ட் பாய். அது தடைகளைத் தாண்ட மறுத்துவிட்டது. அதே நாளில் இன்னொரு வீராங்கனைக்கும் அது அப்படித்தான் மறுத்திருந்தது. ஷ்லோய் அழுதபடி சாட்டையை வீசினார், பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதற்காக வெளியேற்றப்பட்டார். கடைசியில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு சவாரி என்ற பகுதியே அந்த விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

விவாதம் முழுக்க வீராங்கனையையும் பயிற்சியாளரையும் விதிகளையும் சுற்றியே நடந்தது. குதிரை ஏன் மறுத்தது? பயமா, குழப்பமா, எங்காவது வலியா? ஒரு வீடியோவைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏறிய பிறகு முரண்டு பிடிக்கும் எந்தக் குதிரையிடமும் இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதில் குதிரை மருத்துவம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தெளிவான இடத்துக்கு வந்திருக்கிறது. வலி இல்லை என்று உறுதியாகும்வரை அதைக் குணக்கேடு என்று சொல்லக் கூடாது.

மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. போர்ட் லூயிஸின் ஷாம் டெ மார்ஸில் 1812 முதல் பந்தயம் நடக்கிறது. அங்கே ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலிருந்து வாங்கி வரப்படுபவை. ஓட்டம் முடிந்தவற்றில் சில, தீவின் சவாரி மையங்களுக்கும் கடற்கரைச் சவாரிக்கும் வந்து சேர்கின்றன. நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அவற்றின் முதுகில்தான். அவை காதை மடக்கினாலோ பின்னங்காலை உதைத்தாலோ ஒரே பதில் தயாராக இருக்கும்: ரேஸ் குதிரை, அப்படித்தான் இருக்கும். கேட்பவர்களும் சரி என்று விட்டுவிடுகிறோம். வசதியான பதில்தான், யாரும் எதையும் சோதிக்க வேண்டியதில்லை!

## வலி ஏன் வெளியே தெரிவதில்லை

குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. கூட்டத்தில் நொண்டுவது எதுவோ அதைத்தான் வேட்டை விலங்கு குறிவைக்கும். அதனால் வலியை அடக்கிக்கொள்வது அதன் இயல்பு. மனிதர் முன்னால் இன்னும் அடக்கும். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்த குதிரைகளைக் கேமராவில் கவனித்தபோது, பராமரிப்பவர் கொட்டகைக்குள் வந்ததும் வலியைக் காட்டும் அசைவுகள் பெரிதும் குறைந்தன. அவர் போனதும் திரும்ப வந்தன. கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று வருகிறோமே, அந்தப் பார்வைக்கு மதிப்பு எவ்வளவு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு காரணம் நொண்டலின் கணக்கில் இருக்கிறது. முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால் குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கி, நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பின்னங்கால் வலியென்றால் இடுப்பின் இரு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்காது. கண் பழகியவர்கள் இதை ட்ராட் நடையில், அதாவது மூலைவிட்டக் கால்கள் சோடி சோடியாகத் தாளத்தோடு விழும் ஓட்டத்தில், கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இந்த முறைக்கு ஒப்பிட ஒரு நல்ல கால் வேண்டும். இரண்டு பின்னங்காலும் ஏறக்குறைய ஒரே அளவு வலித்தால்? இரண்டு காலிலும் செருப்பு கடித்தால் யாரும் நொண்டுவதில்லை, எட்டிப் போடாமல் மெதுவாக நடப்பார்கள். குதிரையும் அப்படித்தான். தலை ஆடாது, இடுப்பு சாயாது. எடுத்து வைக்கும் அடியின் நீளம் குறுகும், முதுகு இறுகும், கேன்டர் என்ற மிதவேக ஓட்டத்தில் துள்ளல் இருக்காது. பார்ப்பவர் சோம்பேறிக் குதிரை என்பார். குதிமுள்ளும் சாட்டையும் வரும். அதற்குப் பிறகு அது உதைத்தால் முரட்டுக் குதிரையாகிவிடும்.

இது அரிதாக நடப்பதல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாக இருப்பதாக உரிமையாளர்கள் நம்பிய, வழக்கமாக வேலை செய்துகொண்டிருந்த 506 விளையாட்டுக் குதிரைகளைப் பரிசோதித்தார்கள். 46 சதவீதக் குதிரைகளிடம் நொண்டலோ இறுகிய கேன்டரோ இருந்தது. உரிமையாளர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேலே ஆள் ஏறினால்தான் வெளிப்படும் வலியும் உண்டு. கயிற்றில் பிடித்து நேராக நடத்தினால் சீராக நடக்கும். சேணமும் சவாரிக்காரரின் எடையும் வந்து, வட்டத்தில் திரும்பச் சொன்னால் கதை மாறும். கையில் பிடித்து நடத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும் மருத்துவப் பரிசோதனை பாதிப் பரிசோதனைதான்.

## 24 அடையாளங்கள்

இங்கிலாந்தின் குதிரை எலும்பியல் மருத்துவர் சூ டைசனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2018இல் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். சவாரியின்போது குதிரை காட்டும் 117 நடத்தைக் கூறுகளிலிருந்து தொடங்கி, வடிகட்டி 24க்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, நல்ல குதிரைகளைவிட நொண்டும் குதிரைகளிடம் பத்து மடங்காவது அதிகம் காணப்படுபவை. ஒரு குதிரையிடம் 24இல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் உள்ளவற்றை வகைப்படுத்திச் சொன்னால்:

1. முகம்: காதுகள் 5 விநாடி அல்லது அதற்கு மேல் பின்னால் மடிந்திருப்பது, கண் பாதி மூடியிருப்பது, கண்ணின் வெள்ளை அடிக்கடி தெரிவது, எங்கோ வெறித்த பார்வை.
2. வாய்: பல் விலகும்படி வாயைத் திறந்து திறந்து மூடுவது, நாக்கு வெளியே தெரிவது, கடிவாளக் கம்பி ஒரு பக்கமாக இழுபட்டு வருவது.
3. தலை: ஒரு பக்கம் சாய்த்து வைப்பது, திரும்பத் திரும்ப மேலும் கீழுமாக ஆட்டுவது, மூக்கை முன்னால் நீட்டியோ மார்போடு ஒட்டியோ நெடுநேரம் வைத்திருப்பது.
4. வால்: இறுக்கி வைப்பது, ஒரு பக்கமாகவே பிடிப்பது, பெரிதாக வீசியடிப்பது.
5. நடை: மிக அவசரம் அல்லது மிக மந்தம், பின்னங்கால்கள் முன்னங்கால்களின் தடத்தில் விழாமல் ஒதுங்குவது, கேன்டரில் தப்பான கால் (வட்டத்தின் வெளிப்பக்கக் கால்) முன்வருவது, அடிக்கடி இடறுவது, சொல்லாமலே நடையை மாற்றுவது.
6. மறுப்பு: முன்னே போகத் தயங்குவது, தானாக நிற்பது, திடீரென்று திரும்புவது, பின்னங்காலில் எழுவது, முதுகை வளைத்து உதைத்துத் துள்ளுவது.

கடைசி வகைதான் எல்லோர் கண்ணிலும் படும், செய்தியிலும் வரும். ஆனால் மேலே ஏறியவரைத் தூக்கி எறியாத குதிரையும் முதல் ஐந்து வகைகளிலேயே எளிதாக எட்டைத் தாண்டிவிட முடியும். சவாரிப் பள்ளிகளில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற சாது என்று பெயரெடுத்த குதிரை, பாதி மூடிய கண்ணோடு, கூப்பிட்டால் திரும்பாமல், வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அது பொறுமையாக இருக்கலாம். வலியோடு வாழப் பழகி, எதிர்ப்பதை விட்டுவிட்டதாகவும் இருக்கலாம். வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணிப் பார்த்தால்தான் எதுவென்று ஓரளவு தெரியும்.

இதை எண்ணும்போது சில நிபந்தனைகள் உண்டு. சமதளத்தில் நடை, ட்ராட், கேன்டர் மூன்றிலும், இரண்டு பக்கமும் வட்டமிட்டு, பழகிய சவாரிக்காரரோடு ஐந்து முதல் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். தடை தாண்டும் நேரத்திலோ, புது இடத்தில் மிரண்டிருக்கும் நேரத்திலோ எண்ணக் கூடாது. எட்டுக்குக் கீழே இருந்தால் வலியே இல்லை என்றும் அர்த்தமில்லை. எண்ணிக்கை நோயின் பெயரையோ இடத்தையோ சொல்லாது. மருத்துவரை அழை என்று மட்டும் சொல்லும்.

## வலிதான் என்று எப்படி உறுதியாகத் தெரியும்

இவை வலியால் வருகின்றன என்பதற்கு என்ன ஆதாரம், குதிரைக்குப் பிடிக்காமலும் செய்யலாமே என்று கேட்பது நியாயம். பதில் மரப்பு ஊசியில் இருக்கிறது. சந்தேகப்படும் காலின் குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி, அல்லது மூட்டுக்குள், மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். சிறிது நேரம் கழித்து அதே குதிரை, அதே சேணம், அதே சவாரிக்காரர், அதே மைதானம். மாறியது ஒன்றே ஒன்று, அந்த இடத்தின் வலி உணர்வு. சற்று முன் வாலை வீசி, வாயைத் திறந்து, கேன்டருக்கு மறுத்த குதிரை எளிதாக ஓடுகிறது, எண்ணிக்கை சரிகிறது. பயிற்சிக் குறையோ திமிரோ இருந்தால் அரை மணியில் ஊசியால் போயிருக்காது.

சவாரிக்காரரின் திறமையும் இதோடு சேர்ந்து வரும் பேச்சு. தேர்ந்தவர் ஏறினால் நடை சற்றுச் சீராகத் தெரியலாம். ஆனால் வலியின் அடையாளங்கள் மொத்தத்தில் பெரிதாகக் குறைவதில்லை, ஒன்று மறைந்து வேறொன்று வருகிறது. நல்ல ஆள் ஏறினால் அடங்கிவிடுகிறது, எனவே கோளாறு உங்கள் பிள்ளையிடம்தான் என்ற தீர்ப்பை அதனால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

## எங்கே வலிக்கும்

காலும் குளம்பும். நிற்கும்போது உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுகிறது. எனவே முன்பக்கக் குளம்புகளில் கோளாறு அதிகம். பின்னங்காலில், ஹாக் என்ற நடு மூட்டுக்குக் கீழே எலும்பின் பின்புறம் ஓடும் தாங்கு தசைநாரின் மேல்முனை பாதிக்கப்படுவது சவாரிக் குதிரைகளில் அடிக்கடி வருவது. இரு காலிலும் சேர்ந்து வருவதும் உண்டு. வீக்கம் தெரியாது, சூடு தெரியாது. கேன்டர் கெட்டுப்போவது மட்டும் தெரியும்.

சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிவதும் இங்கே சேரும். உடனே சேணம் சரியில்லை, ஏறுபவர் கோணலாக உட்காருகிறார் என்பார்கள். பின்னங்கால் நொண்டலாலும் சேணம் சரியும். அப்படிப்பட்ட குதிரைகளின் கால்களை மரக்கச் செய்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் சரிவு நின்றது. புதுச் சேணம் வாங்கும் செலவுக்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதுகு. குதிரைக்கு மார்பு முள்ளெலும்புகள் 18. சேணம் உட்காரும் பகுதியில் அவற்றின் மேல்நீட்டங்கள் நெருங்கி ஒன்றோடொன்று உரசினால் சேணம் வைக்கும்போதே குதிரை முதுகைத் தாழ்த்தும், ஏறியதும் துள்ளும். ஆனால் எக்ஸ்ரேயில் நெருங்கித் தெரியும் எல்லாக் குதிரைக்கும் வலி இருப்பதில்லை. படத்தை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை வரை போவது அவசரம். சில நேரம் பின்னங்கால் வலியைச் சமாளிக்க முதுகை இறுக்கியே முதுகு கெட்டிருக்கும். மூலம் காலில் இருக்கும்.

வயிறு. பெரிய குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான், அந்த உடலுக்கு மிகச் சிறியது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு இல்லை. வேகமாக ஓடும்போது அமிலம் அங்கே ஏறும். புல்லை மென்றால் ஊறும் எச்சில் அமிலத்தைத் தணிக்கும். கொட்டகையில் அடைத்து, தானியம் நிறையவும் உலர்புல் குறைவாகவும் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்ததே. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது இதன் அடையாளமாக இருக்கலாம். உறுதி செய்ய நீண்ட குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். பட்டையை வெறுக்கும் குதிரைக்கெல்லாம் புண் என்று முடிவு கட்டி மருந்து ஊற்றுவதும் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. காலில் வலி இருக்கும் குதிரைக்கு அதனால் பயனில்லை.

வாய். கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுக்க மேலெழுந்து தேய்ந்துகொண்டே இருக்கும். மேல் வரிசையின் வெளி ஓரமும் கீழ் வரிசையின் உள் ஓரமும் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து பார்த்து ராவ வேண்டும். இதற்கிடையில் வாயைத் திறக்காதபடி மூக்குப் பட்டையை இறுக்கிவிடுவார்கள். அடையாளம் மறையும், வலி போகாது. சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பட்டையின் இறுக்கத்தை 2025 முதல் அளவுகருவி வைத்தே சோதிக்கிறார்கள்.

## நம் தீவில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

ஷாம் டெ மார்ஸ் வலப்பக்கமாக ஓடும் களம். ஒரு சுற்று 1,300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, திருப்பங்கள் நெருக்கமானவை. பல பருவங்கள் அங்கே ஓடிய குதிரைக்கு வலப்பக்க வட்டம் எளிதாகவும் இடப்பக்கம் கடினமாகவும் இருப்பது இயல்பு. எனவே இடப்பக்கக் கேன்டரில் தப்பான கால் முன்வந்தால் வலி என்று உடனே சொல்ல வேண்டாம். பழக்கக் குறையென்றால் நிதானமான பயிற்சியில் வாரங்கள் செல்லச் செல்ல மேம்படும். வேலை கூடக் கூட மோசமானாலோ, ஓய்வில் சரியாகி வேலையில் திரும்ப வந்தாலோ அது பழக்கமல்ல.

அடுத்தது எடை. ஜாக்கிகள் ஐம்பது, அறுபது கிலோவுக்குள் இருப்பவர்கள். கடற்கரைச் சவாரிக்கு வரும் பயணி அப்படியல்ல. 2008இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த சோதனையில் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமைகளை ஏற்றிப் பார்த்தார்கள். 25ஐ எட்டியதும் இதயத் துடிப்பும் தசை வலியும் தெளிவாகக் கூடின. 480 கிலோக் குதிரைக்கு 20 சதவீதம் என்றால் 96 கிலோ, சேணமும் அதில் அடக்கம். சேணத்துக்குப் பத்துக் கிலோவைக் கழித்தால் ஏறுபவருக்கு 86. நலமாக உள்ள, தசை வலுவான குதிரைக்கே இந்தக் கணக்கு. உலர்ந்த, கால் புதையும் மணலில் தசைநாருக்கு வேலை அதிகம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் குறைக்க வேண்டும்.

தீனியில் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சவாரிக்கு முன் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாமல் கொஞ்சம் உலர்புல்லோ குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரோ கொடுப்பது. மசாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைத் தணிக்கும்.

## வலி இல்லாமலும் முரண்டு பிடிக்கும்

எல்லாவற்றையும் வலியில் ஏற்றிவிடுவதும் தப்புதான். புது இடம், பிரிந்த கூட்டாளிக் குதிரை, வேலைக்கு மிஞ்சிய தானியம், ஒரே நேரத்தில் வாரை இழுத்துக்கொண்டே காலால் போ என்று தட்டும் கற்றுக்குட்டி, இவை எல்லாம் உண்மையான காரணங்கள். பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள்:

1. ஒரே பக்கம், ஒரே நடை, ஒரே வேலையில் மட்டும் வருகிறதா? வலிக்கு இப்படி ஓர் ஒழுங்கு இருக்கும். பயத்துக்குப் பெரும்பாலும் இடமோ பொருளோ காரணமாக இருக்கும்.
2. நல்ல குதிரை சமீபத்தில் மாறியதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் உடலின் மேல்தான்.
3. ஏறும் ஆளை மாற்றினாலும் தொடர்கிறதா?
4. சேணம் இல்லாமல் வட்டக் கயிற்றில் ஓடும்போது என்ன ஆகிறது? அப்போதும் இருந்தால் சேணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

## அப்புறம் என்ன செய்வது

முதலில் வீடியோ. பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, இரு பக்க வட்டத்திலும் எடுக்கவும். சேணம் வைக்கும்போதும் பட்டை இறுக்கும்போதும் ஏறும்போதும் முகத்தைத் தனியாக எடுக்கவும். பிறகு பல், குளம்பு, சேணம் மூன்றையும் அந்தந்த வேலை தெரிந்தவர் பார்க்கட்டும். இவற்றில் ஒன்றும் அகப்படாவிட்டால், ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் மருத்துவரை அழைக்கவும். வலி நிவாரணி கொடுத்து மாற்றம் வருகிறதா என்று பார்ப்பதும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். சில வலிகள் அந்த மருந்துக்கு மசியாது, அதனால் மாற்றமில்லை என்பது வலியில்லை என்பதற்குச் சான்றாகாது. மருந்தில் ஓட்டிக்கொண்டே இருப்பது காயத்தைப் பெரிதாக்கும்.

சிகிச்சை முடிந்ததும் நடத்தை மறுநாளே மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சேணத்தைக் கண்டாலே வலி வரும் என்று குதிரை கற்று வைத்திருக்கும். அதை மறக்க வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், மெதுவான மறுபயிற்சி வேண்டும். பலர் இந்த இடைவெளியில்தான் பொறுமை இழந்து, மருத்துவம் பார்த்தும் மாறவில்லை, குணமே அப்படி என்று விற்றுவிடுகிறார்கள். வாங்குபவருக்குப் பழைய கதை தெரியாது. நோய் இன்னொரு கொட்டகைக்குப் போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

கொட்டகையில் இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் உரிமையாளர் அல்ல, தினமும் தேய்த்துக் குளிப்பாட்டும் பாலெஃப்ரெனியே. எந்த இடத்தில் தூரிகை பட்டால் தோல் நடுங்குகிறது, எந்தக் காலைத் தூக்கத் தயங்குகிறது, காலையில் எவ்வளவு புல் மிச்சம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லாடம் அடிப்பவருக்கும் தெரியும். பிள்ளையைச் சவாரிக்குச் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தோடு சேர்த்து இதையும் கேட்கலாம்: கடைசியாகப் பல் பார்த்தது எப்போது, ஒரு குதிரைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேர வேலை, எடை வரம்பு எவ்வளவு, இந்தக் குதிரை இன்று சரியில்லை என்று பாலெஃப்ரெனியே சொன்னால் அன்றைய சவாரி ரத்தாகுமா?